கேட்டேன், திருப்பிச் சொல்றேன்

என் மாப்பிள்ளைக்கு வாய் மட்டும் எட்டு மாடி உயரம். கைவேலை அதற்கும் மேலே. எழுத்து என்று வந்தால்தான் ஆள் தரைத்தளத்தை விட்டு ஏறமாட்டார்.

மாப்பிள்ளை என்றால் என் தங்கையின் கணவர். பதினொரு வருடமாக நானும் அவரும் ஜோடியாக லிஃப்ட் பழுது பார்க்கிறோம். வேலையில் மேனேஜர் திட்டுவதையும் வீட்டில் என் தங்கை திட்டுவதையும் பாதிப் பாதியாகப் பங்கு போட்டுக்கொள்கிற உறவு.

ஒரு தடவை நாலாவது மாடிக்கும் ஐந்தாவது மாடிக்கும் நடுவில் ஒரு பல் டாக்டரும், வாயில் பஞ்சோடு அவருடைய நோயாளியும் மாட்டிக்கொண்டார்கள். மூன்று மணி நேர வேலை. அதை மாப்பிள்ளை கேன்டீனில் சொன்னபோது கையிலிருந்த டீயைக் குடிக்க மறந்து பத்துப் பேர் நின்றார்கள். வாயில் பஞ்சு இருந்தவர் "ஊ, ஊ" என்றதையும், டாக்டர் அதற்கு "வலிக்குதா?" என்று கேட்டதையும் சொல்லிக்கொண்டே, நாலாவது மாடிக் கதவுப் பூட்டின் கான்டாக்ட் தேய்ந்துபோயிருந்ததை எப்படிக் கண்டுபிடித்தார் என்பதையும் ஒரு திருகாணி விடாமல் சொன்னார். அன்று அவர் எழுதிக் கொடுத்த அறிக்கை இதுதான்: "லிஃப்ட் நின்றது. சரி செய்யப்பட்டது. ஓடுகிறது."

இரண்டு மாதம் கழித்து அதே லிஃப்ட் மறுபடி நின்றது. வேறொரு ஜோடி போனது. அறிக்கையைப் புரட்டிப் பார்த்துவிட்டு, நாள் முழுக்க எல்லா மாடியிலும் எதைத் தேடுகிறோம் என்று தெரியாமலே தேடியது. மேனேஜருக்குக் கோபம் தலைக்கேறியது. புது விதி வந்தது. எல்லா மெக்கானிக்கும் பழுது அறிக்கை எழுதும் பரீட்சையில் தேற வேண்டும். மூன்று வாய்ப்பு. மூன்றிலும் தோற்றவருக்கு லிஃப்ட் வேலை கிடையாது, ஸ்டோருக்குப் போக வேண்டியதுதான்.

நான் முதல் தடவையே ஐம்பதுக்கு இருபத்தாறு வாங்கித் தப்பித்தேன். மாப்பிள்ளை முதலில் நாலு, அடுத்து ஏழு.

"ஏறுமுகம்தானே மச்சான்" என்றார்.

வாய்தான் அப்படிச் சொன்னது. அன்று மாலை ஸ்டோர் வாசலைத் தாண்டும்போது நடையைக் குறைத்தார். அடித்தளத்தில் இருக்கிற அறை அது. போல்ட்டும் நட்டும் எண்ணிக் கொடுத்துவிட்டுக் கையெழுத்து வாங்குகிற வேலை.

"உள்ள ஒரு ஜன்னல்கூட இல்ல மச்சான்" என்றார். அவர் சிரிக்காமல் பேசி நான் கேட்டது அபூர்வம்.

எனக்கும் பயம்தான். அவர் ஸ்டோருக்குப் போனால் எனக்கு வேறொரு ஜோடி வரும். லிஃப்ட்டுக்கு அடியில் இருக்கிற குழிக்குள் நான் இறங்கி நிற்கும்போது தலைக்கு மேலே இன்னொருத்தன் குரலை நம்பி நிற்க என்னால் முடியாது. மாப்பிள்ளையைக் கேலி செய்யலாம், வையலாம். விட்டுக்கொடுக்க முடியாது.

கடைசி வாய்ப்புக்கு முன்னால் தோற்றவர்களுக்கெல்லாம் ஆறு வார வகுப்பு வைத்தார்கள். எட்டுப் பேர். பாடம் எடுக்க ஒரு டீச்சர் வந்தார். எங்கள் எல்லோரையும்விட வயதில் சின்னவர். அதுவரை ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்தவராம். வந்த முதல் நாளே "எல்லாரும் ஜோடியோட வாங்க, தேறினவங்களும்" என்று சொல்லிவிட்டார். எனக்கு எரிச்சல். இருபத்தாறு வாங்கினவனை மறுபடி பெஞ்சில் உட்கார வைத்தால் யாருக்குத்தான் எரியாது?

முதல் வகுப்பில் "நீங்க பார்த்த ஒரு பழுதைப் பத்தி எழுதுங்க" என்றார். மாப்பிள்ளை நாற்பது நிமிடம் வியர்த்து ஒரே ஒரு வாக்கியம் எழுதினார். டீச்சர் அதைச் சத்தமாகப் படித்தார்.

"மேற்கண்ட லிஃப்டானது பழுதடைந்த நிலையில் காணப்பட்டமையால் தக்க நடவடிக்கை மேற்கொள்ளப்பட்டது."

வகுப்பே அசந்துபோனது. மாப்பிள்ளை காலரைச் சரிசெய்துகொண்டார்.

"என்ன நடவடிக்கை?" என்று டீச்சர் கேட்டார்.

"தக்க நடவடிக்கை டீச்சர்."

"அதான், என்ன பண்ணீங்க?"

"பண்ணினதா?" மாப்பிள்ளைக்கு முகம் மலர்ந்தது. நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்து, பல் டாக்டர் கதையை ஆரம்பித்தார். மணி அடித்த பிறகும் ஒருவரும் எழுந்திருக்கவில்லை. டீச்சர் மட்டும் மாப்பிள்ளையையும் அந்தத் தாளையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். எங்கே படித்தார் இந்தத் தமிழை என்று என்னைக் கேட்டார். ஆபீஸ் சுற்றறிக்கையில்தான், வேறு எங்கே. எழுத்து என்றால் அப்படித்தான் இருக்க வேண்டும் என்று நாங்கள் எல்லோருமே நினைத்திருந்தோம். என்னுடைய இருபத்தாறும் "மேற்கண்ட" போட்டு வாங்கியதுதான்.

இரண்டு வாரம் டீச்சர் சிவப்பு மையைத் தண்ணீராகச் செலவழித்தார். ஒன்றும் நகரவில்லை. மூன்றாவது வாரம், "நீங்க வேலை செய்யறதை நான் பார்க்கணும்" என்றார்.

மொட்டை மாடியில் இருக்கிற மெஷின் ரூமுக்கு அழைத்துப் போனேன். ஹெல்மெட் அவருக்குக் கண்வரை இறங்கியது. மாப்பிள்ளை கீழே குழியில். நான் மேலே. நடுவில் ஒன்பது மாடி. ஒருவரை ஒருவர் பார்க்க வழியில்லை, வாக்கி-டாக்கிதான்.

"மெயின் ஆஃப் பண்ணிட்டேன். பூட்டு போட்டுட்டேன். சாவி என் சட்டைப் பையில" என்றேன்.

"கேட்டேன், திருப்பிச் சொல்றேன்" என்றது கீழிருந்து குரல். "மெயின் ஆஃப். பூட்டு போட்டாச்சு. சாவி உங்க சட்டைப் பையில."

"சரி."

"குழி லைட் போட்டுட்டேன். இடது பக்க சுவர் ஓரமா நிக்கறேன். கையில ஒண்ணும் இல்ல."

"கேட்டேன், திருப்பிச் சொல்றேன்."

இது எங்கள் வேலையின் சட்டம். சொன்னதை மற்றவர் திருப்பிச் சொல்கிறவரை இரண்டு பேரில் ஒருவரும் விரலைக்கூட அசைக்கக் கூடாது. ஒரு மணி நேரம் இப்படியே போனது. டீச்சர் மூலையில் உட்கார்ந்து நோட்டில் எழுதிக்கொண்டே இருந்தார். முடிந்ததும் நோட்டை என்னிடம் நீட்டினார். நாங்கள் பேசியது அத்தனையும் அதில் இருந்தது. ஒரு "மேற்கண்ட"கூட இல்லை. என்ன பழுது, எங்கே இருந்தது, யார் எங்கே நின்றார்கள், எதை முதலில் கழற்றினோம், எல்லாம் வரிசையாக இருந்தது.

"இதுதாங்க அறிக்கை" என்றார். "ரெண்டு பேரும் சேர்ந்து வாயாலேயே எழுதி முடிச்சிட்டீங்க."

அடுத்த வகுப்புக்கு ஸ்டோரில் கையெழுத்துப் போட்டு இரண்டு வாக்கி-டாக்கி வாங்கி வந்தார். சொல்கிறவர் வராந்தாவில், கேட்கிறவர் வகுப்பில், நடுவில் மூடிய கதவு. கேட்டவர் திருப்பிச் சொல்ல வேண்டும். விட்டுப்போனதைக் கேட்க வேண்டும். பிறகு சொன்னவர் உள்ளே வந்து, சொன்ன அதே வார்த்தைகளில் எழுத வேண்டும். இவ்வளவுதான் பாடம்.

மாப்பிள்ளை முதலில் போனார். கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து, "அந்த இது இருக்கில்ல, அதை இப்படிப் புடிச்சு அப்படி..." என்றது குரல். கையை ஆட்டி ஆட்டிச் சுவருக்கு விளக்கிக்கொண்டிருந்தார் போல.

"கை தெரியல மாப்பிள்ளை" என்றேன்.

டீச்சர் என்னிடமிருந்து கருவியை வாங்கினார். "சார், நான் அந்த லிஃப்ட்டுக்கு நேர் கீழ குழியில நிக்கறேன்னு வச்சுக்கோங்க. இப்ப சொல்லுங்க."

பிறகு வந்த குரல் வேறு. "பிரேக்கோட வலது கை ஸ்பிரிங். ரெண்டு விரல் அகலத்துக்குத் தளர்ந்திருக்கு. நான் தொடலை. நீங்க வெளிய வந்த பிறகுதான் தொடுவேன்."

அன்று அவர் எட்டு வரி எழுதினார். எட்டும் புரிந்தது. டீச்சரின் சிவப்பு மை அந்தத் தாளில் படவே இல்லை. மாப்பிள்ளை அந்தத் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போய் என் தங்கைக்குப் படித்துக் காட்டினார்.

என் முறையும் வந்தது. நான் ஹெல்மெட் கதையை எடுத்தேன். கேன்டீனில் ஆறு வருடமாக நான் சொல்லி வருகிற கதை, எல்லோருக்கும் மனப்பாடம். நான் குழியில் நிற்கிறேன், மாப்பிள்ளை கேபின் மேலே நிற்கிறார். சொல்லாமல் கொள்ளாமல் கேபினைக் கீழே இறக்கிவிட்டார். என் ஹெல்மெட்டில் இன்றைக்கும் ஒரு பள்ளம் இருக்கிறது. நான் கத்தின கத்தலில்தான் நிறுத்தினார். வராந்தாவில் நின்று இதை நன்றாக ரசித்துச் சொன்னேன்.

திருப்பிச் சொல்ல வேண்டியவர் மாப்பிள்ளை. கொஞ்சம் தாமதமாகத்தான் குரல் வந்தது.

"கேட்டேன், திருப்பிச் சொல்றேன். நீங்க குழியில. நான் கேபின் மேல. நான் சொல்லாம கொள்ளாம இறக்கிட்டேன்."

"விட்டுப்போனது எதாவது இருக்கா சார்?" என்று டீச்சர் கேட்டது கதவு வழியாகக் கேட்டது.

"இல்ல டீச்சர். மச்சான் சொன்னது அவ்வளவுதான்."

நாலாவது வாரம் முடிவதற்குள் எட்டுப் பேரும் பேசிப் பேசியே எழுதப் பழகிவிட்டார்கள். வீடுகளில்தான் தொல்லை. என் தங்கை ஒரு நாள் ஃபோன் போட்டாள். "அண்ணே, நேத்து இவர்கிட்ட சோப்பு வாங்கிட்டு வரச் சொன்னேன். 'கேட்டேன், திருப்பிச் சொல்றேன், சோப்பு'ன்னாரு. வாங்கிட்டு வரல. ஏன்னு கேட்டா, திருப்பிச் சொல்றதுதான் பாடம், வாங்கறது பாடத்துல இல்லைங்கறாரு."

பரீட்சைக்கு ஒரு வாரம் இருக்கும்போது டீச்சர் மாதிரித் தேர்வு வைத்தார். பேச்சு கிடையாது, தனித்தனி மேஜை, ஒரு மணி நேரம். மற்ற ஏழு பேரும் தட்டுத்தடுமாறி ஒரு பக்கம் எழுதிவிட்டார்கள். மாப்பிள்ளை ஒரு வாக்கியம் எழுதினார். பேனாவைக் கீழே வைத்தார். கதவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார். மணி அடிக்கிறவரை அப்படியே இருந்தார்.

"என்ன ஆச்சு சார்?" டீச்சருக்குக் குரல் உடைந்தது.

"யாரும் திருப்பிச் சொல்லலையே டீச்சர்."

சிரிக்கலாம் என்று வாயைத் திறந்தவன் மூடிக்கொண்டேன். மற்றவர்களுக்கு அது வகுப்பு விளையாட்டு. மாப்பிள்ளை எனக்காக வருடக்கணக்காகக் கையைக் கட்டிக் காத்து நின்ற மனுஷன். பதில் வராமல் அடுத்த அடி எடுத்து வைக்க அவருக்கு உடம்பு வளையவில்லை.

டீச்சர் தலையில் கை வைத்துக்கொண்டார். "தப்பு என்னோடது. பேசக் கத்துக் கொடுத்தேன். ஆள் இல்லாம இருக்கக் கத்துக் கொடுக்கல."

எல்லோரும் யோசித்தோம். ஸ்பானர் என்று நாங்கள் கூப்பிடுகிற மெக்கானிக், கல்யாணத்துக்குப் போனாலும் சட்டைப் பையில் ஸ்பானரோடு போகிறவர், "பரீட்சை ஹால்ல வாக்கி-டாக்கி விடுவாங்களா?" என்று கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டார். கடைசியில் மாப்பிள்ளையே பேசினார்.

"டீச்சர், மச்சான் எதுக்கு என்ன சொல்லுவாருன்னு எனக்கு அத்துப்படி. அவர் குரல்ல நானே கேட்டுக்கட்டுமா?"

"எப்படி?"

மாப்பிள்ளை தான் எழுதின வாக்கியத்தை முணுமுணுப்பாகப் படித்தார். பிறகு மூக்கைச் சுருக்கி, தொண்டையைக் கரகரப்பாக்கி, "கேட்டேன். எந்த மாடின்னு சொல்லவே இல்லையே, நான் என்ன ஜோசியக்காரனா?" என்றார். அச்சு அசல் நான். வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது. டீச்சர்கூட நோட்டால் முகத்தை மறைத்துக்கொண்டார். எனக்குக் கோபம் வந்தது. ஆனால் மாப்பிள்ளை அதற்குள் "எந்த மாடி" என்பதை எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போயிருந்தார்.

பரீட்சை நாளன்று எனக்கு ஹாலில் வேலையில்லை. இருந்தும் போனேன். வெளி வராந்தா ஜன்னலருகே நின்றேன். கேள்வித்தாள் கொடுத்த ஐந்தாம் நிமிடம் மாப்பிள்ளை முணுமுணுக்க ஆரம்பித்தார். பத்தாம் நிமிடம் மூக்கைச் சுருக்கினார். மேற்பார்வை பார்த்த அதிகாரி மெல்ல நடந்து வந்து பக்கத்தில் நின்றார்.

"யாரோட பேசறீங்க?"

"மச்சானோட சார்."

அதிகாரி அவருடைய காதைப் பார்த்தார். சட்டைப் பையைத் தடவினார். "மச்சான் எங்க?"

மாப்பிள்ளைக்குப் பொய் சொல்ல வராது. என் பக்கம் கையைக் காட்டினார். நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, வாயைப் பிளந்துகொண்டு, கையும் களவுமாகப் பிடிபட்டவன் மாதிரி நின்றேன்.

உள்ளே இழுத்துப் போனார்கள். "என்ன சொல்லிக் கொடுத்தீங்க?" என்று கேட்டார் அதிகாரி. ஒன்றும் இல்லை என்றேன். "அப்புறம் அவர் எதைக் கேட்டுட்டு எழுதறாரு?" நான் விளக்க விளக்க என் காதுக்கே அது புளுகாகத்தான் பட்டது. மாப்பிள்ளையின் தாளை அதிகாரி கையில் எடுத்துவிட்டார். ஸ்டோர், ஜன்னலில்லாத அந்த அறை, எல்லாம் என் கண்முன் வந்து போனது. என்னை வாசல் கேட்டுக்கு வெளியே அனுப்பினார்கள். வெயிலில் நின்று என்னையே வைதுகொண்டிருந்தேன். ஜன்னலுக்குப் போனவன் நான்தானே.

ஒரு மணி நேரம் கழித்து மாப்பிள்ளை வெளியே வந்தார். சிரித்துக்கொண்டே வந்தார்.

நடந்ததை அவரே சொன்னார். அதிகாரி அவரை ஒரு மூலைக்குக் கொண்டுபோய், "இதுவரைக்கும் எழுதினதைப் படிங்க, பார்க்கலாம்" என்றாராம். மாப்பிள்ளை ஏழு வரி படித்தாராம். எட்டாவது வரி இன்னும் எழுதவில்லை. அதிகாரி, "அப்புறம் என்ன ஆச்சு?" என்று கேட்டாராம்.

"எழுதினாத்தான் தெரியும் சார்."

"அப்ப எழுதுங்க. மெதுவா முணுமுணுங்க."

அதிகாரி பக்கத்திலேயே ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்து, கடைசி வரி வரைக்கும் எட்டி எட்டிப் பார்த்தாராம்.

"எதைப் பத்தி எழுதினீங்க? பல் டாக்டரா?" என்று கேட்டேன்.

"பழைய ஒண்ணு" என்று சொல்லிவிட்டு டீக்கடைப் பக்கம் நடந்தார்.

மூன்று வாரத்தில் முடிவு வந்தது. எட்டுப் பேரும் தேறிவிட்டார்கள். மாப்பிள்ளை ஐம்பதுக்கு நாற்பத்தொன்று. என் இருபத்தாறை அதன் பிறகு நான் வெளியில் சொல்வதில்லை. டீச்சர் கடைசியாக ஒரு வகுப்புக்குக் கூப்பிட்டார். கையில் மாப்பிள்ளையின் விடைத்தாள்.

"இதை அடுத்த வகுப்புக்கு மாதிரியா வச்சுக்கப் போறேன். இப்ப யாராவது சத்தமாப் படிங்க."

"வேண்டாம் டீச்சர்" என்றார் மாப்பிள்ளை. வெட்கப்படுகிறார் என்று நினைத்தேன். எழுந்து போய்த் தாளை நானே வாங்கினேன். என் ஜோடி எழுதியது, நான் படிக்காமல் யார் படிப்பார்கள்? தொண்டையைக் கனைத்துக்கொண்டு ஆரம்பித்தேன்.

"ஆறு வருடத்துக்கு முன்னால், ஒன்பது மாடிக் கட்டடம். என் ஜோடி குழியில் இருந்தார். நான் கேபின் மேல் இருந்தேன்."

ஸ்பானர் அதற்குள் சிரிக்க ஆரம்பித்தார். "ஹெல்மெட் கதை!"

நானும் சிரித்துக்கொண்டே படித்தேன். "இரண்டு அடி கீழே இறக்கப் போகிறேன் என்று வாக்கி-டாக்கியில் சொன்னேன்."

அங்கே என் குரல் ஒரு படி இறங்கியது. சொன்னார். ஆமாம், சொன்னார். அடுத்த வரியைக் கண் முதலில் படித்துவிட்டது. நாக்கு நகரவில்லை.

"அவ்வளவுதான் மச்சான் இருக்கு" என்றார் மாப்பிள்ளை பெஞ்சிலிருந்து. "உட்காருங்க."

அவ்வளவுதான் இல்லை. இன்னும் அரைப்பக்கம் இருந்தது. ஆறு வருடமாக இந்த மனுஷன் என் பொய்க்குத் தலையாட்டியிருக்கிறார். இதைச் சொல்லியே என் தங்கை இவரை எத்தனை தடவை வைதிருப்பாள். வைதபோதெல்லாம் நானும் பக்கத்தில்தான் இருந்தேன். அன்று குழியில் டார்ச்சைப் பல்லால் கடித்துக்கொண்டு நான் என்ன சத்தம் கொடுத்தேன் என்பது எனக்கு என்றைக்கும் மறந்ததே இல்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. இவ்வளவு பேர் முன்னால் வெட்கமாக இருந்தது. தாளை மடித்துக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருக்கலாம். அவரே அதற்குத்தான் வழி விட்டார்.

படித்தேன்.

"என் ஜோடி திருப்பிச் சொல்லவில்லை. 'ம்' என்று மட்டும் சத்தம் வந்தது. திருப்பிச் சொல்லும்வரை நான் காத்திருக்க வேண்டும். காத்திருக்காமல், அந்தச் சத்தத்தைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு பொத்தானை அழுத்தினேன். அவர் கத்தினார். விரலை எடுத்தேன். கேபின் நின்றது. அவருடைய ஹெல்மெட்டில் பள்ளம் விழுந்தது. அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. அன்றிலிருந்து திருப்பிச் சொல்லாமல் நான் எதையும் தொட்டதில்லை."

வகுப்பில் ஒருவரும் சிரிக்கவில்லை. ஸ்பானர் ஜன்னலைப் பார்த்தார். டீச்சருக்கு ஒன்றும் புரியாமல் இல்லை. மேஜை மேலிருந்த வாக்கி-டாக்கியை எதற்கோ நகர்த்தி வைத்தார்.

நான் மாப்பிள்ளை பக்கம் திரும்பினேன்.

"கேட்டேன்" என்றேன். "திருப்பிச் சொல்றேன். நீங்க சொன்னீங்க. நான் 'ம்'னேன். ஆறு வருஷமா மாத்திச் சொன்னேன்."

மாப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டு மேஜை விளிம்பைத் தேய்த்தார். பிறகு நிமிர்ந்து, மூக்கைச் சுருக்கி, தொண்டையைக் கரகரப்பாக்கி, என் குரலில் கேட்டார்.

"என் தங்கச்சிகிட்ட எப்ப சொல்றேன்னு சொல்லவே இல்லையே, நான் என்ன ஜோசியக்காரனா?"

"இன்னிக்குச் சாயங்காலம்" என்றேன்.

அவர் அதைத் திருப்பிச் சொல்கிறவரை நின்றுகொண்டே இருந்தேன்.